எந்த குரூப் எடுக்கலாம்? – பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில யோசனைகள்

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு எனக்கு வரும் தொலைபேசிகளில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான். "சார், பையனுக்கு எந்த குரூப் எடுக்கலாம்?" தில்லியில் மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், விடை என் சட்டைப்பையில் தயாராக இருக்கும் என்று நம்புகிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் அப்பா. அம்மா பக்கத்திலிருந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பார். படிக்கப்போகிற பிள்ளையின் குரல் மட்டும் கேட்காது. "அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டால், "அவனுக்கு என்ன சார் தெரியும், சின்னப் பையன்" என்று பதில் வரும்.

சின்னப் பையன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து அந்தப் புத்தகங்களோடு மல்லுக்கட்டப் போகிறவன் அவன்தானே தவிர, நாம் அல்ல. அதே சமயம், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "நீ என்ன வேலைக்குப் போவாய்?" என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்துப் பாடத்தை முடிவு செய்வதும் நியாயமில்லை. அந்தக் கேள்விக்கு இருபத்தைந்து வயதில்கூடப் பலருக்கு விடை தெரிவதில்லை. நான் கேட்கச் சொல்வது வேறு மூன்று கேள்விகள். இந்தப் பாடங்களோடு இரண்டு வருஷம் உட்கார முடியுமா? இதை எடுத்தால் பின்னால் எந்தக் கதவு மூடும்? மூடிய கதவைத் திறக்க வழி உண்டா?

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்ற அதிகாரத்தை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. அரசனுக்காகச் சொன்னவைதான். ஆனாலும் வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இந்த வரிசை அப்படியே பொருந்துகிறது. பிள்ளையின் பலம், முடிவெடுக்கும் நேரம், நாம் வசிக்கும் ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அந்த வரிசையிலேயே நானும் போகிறேன்.

'குரூப்' எங்கிருந்து வந்தது?

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் வீடுகளில் 'ஃபர்ஸ்ட் குரூப்', 'செகண்ட் குரூப்', 'தேர்ட் குரூப்' என்று பேசுவது பி.யூ.சி. காலத்திலிருந்து ஊரோடு கொண்டுவந்த வழக்கம். கோத்தாரி கல்விக் குழுவின் (1964–66) பரிந்துரையை ஒட்டிப் பத்தும் இரண்டும் என்ற அமைப்பு நாடு முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்தது. குரூப் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, தேர்ட் குரூப் என்றால் மார்க் குறைந்த பிள்ளை என்ற கணக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சி.பி.எஸ்.இ. விதிகளில் குரூப் என்று ஒன்று கிடையாது. மொழியையும் சேர்த்து ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். விரும்பினால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இயற்பியலோடு பொருளியலும், கணிதத்தோடு வரலாறும் எடுக்க வாரியம் தடை சொல்வதில்லை. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் கலை, அறிவியல் என்று சுவர் எழுப்பக்கூடாது என்றே சொல்கிறது. தடை எங்கே வருகிறது என்றால் பள்ளியின் கால அட்டவணையில். ஆசிரியர் இருக்கிறாரா, இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் மோதுகிறதா என்பதைப் பொறுத்துப் பள்ளி நான்கைந்து சேர்க்கைகளை மட்டும் அச்சடித்துக் கையில் கொடுக்கிறது. நாமும் அந்தத் தாளைச் சட்டம் என்று எண்ணிவிடுகிறோம். பிள்ளைக்கு வேண்டிய சேர்க்கை அதில் இல்லையென்றால் முதல்வரை நேரில் பார்த்துக் கேளுங்கள். அவர் முடியாது என்றால், பக்கத்துப் பள்ளியில் உண்டா என்று விசாரியுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

வலியறிதல்: பிள்ளையின் பலம்

வள்ளுவர் 'வலி' என்று சொல்வது பலத்தை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பலத்தைக் கணிக்க முடியாது. கணக்கில் 95 வாங்கிய பிள்ளை பதினொன்றில் முதல் யூனிட் டெஸ்டில் 40 வாங்கிக்கொண்டு வந்து நிற்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை முட்டாளாகிவிடவில்லை. பாடத்தின் தன்மை மாறிவிட்டது, அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நேர்கோட்டு இயக்கம் என்ற பாடத்திலேயே வகைக்கெழு தேவைப்படுகிறது. கணித வகுப்பில் அதைச் சொல்லித்தருவதற்குள் பாதி ஆண்டு கடந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

மற்றப் பாடங்களும் அப்படித்தான். உயிரியலை மனப்பாடப் பாடம் என்று நினைத்து எடுப்பவர்கள், அதன் பெயர்களையும் படங்களையும் கண்டு மலைத்துப்போகிறார்கள். கணக்குப்பதிவியல் அதுவரை யாரும் படிக்காத பாடம். எல்லோரும் சுழியத்திலிருந்து தொடங்குவதால், பத்தாம் வகுப்பில் சுமாராக இருந்த பிள்ளைகூடப் பொறுமை இருந்தால் அதில் நன்றாக வருவான். அரசியல் அறிவியலும் வரலாறும் 'சுலபம்' என்று சொல்பவர்கள், ஒரு பக்க விடையைக் கோவையாக எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் சொல்லும் வழி எளியது, செலவும் இல்லாதது. பதினொன்றாம் வகுப்பின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் அனைத்தையும் அவர்களுடைய இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பிள்ளை யோசிக்கும் ஒவ்வொரு பாடத்திலும் முதல் இரண்டு அத்தியாயங்களைத் தானாகப் படிக்கட்டும். வேதியியலில் மோல் கணக்கு வரும். கணக்குப்பதிவியலில் வரவு, பற்று வரும். கணிதத்தில் கணங்களும் சார்புகளும் வரும். பின்னால் உள்ள பயிற்சியில் பத்துக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கட்டும். எத்தனை சரி என்பது முக்கியமில்லை. தப்பானதைத் திரும்பப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறதா, இல்லை புத்தகத்தை மூடிவிட்டு டி.வி. பக்கம் போகிறானா என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததும், பிறகு எஃப்.ஏ. தேர்வில் தேறாமல் போனதும் கணக்கால் அல்ல, மற்றப் பாடங்களால். அன்றைக்கு எல்லாப் பாடத்திலும் தேறியே ஆகவேண்டும். இன்று ஐந்து பாடங்களை நாமே தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அந்த வசதியைப் பக்கத்து வீட்டுக்காரரின் விருப்பத்துக்காக ஏன் செலவழிக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். "பொண்ணுக்கு எதுக்கு சார் ஃபிசிக்ஸ், மேத்ஸ்? பயாலஜியோ காமர்ஸோ போதும்" என்ற பேச்சு இன்றும் என் காதில் விழுகிறது. நான் சொல்லிக்கொடுத்த வகுப்புகளில் கணக்கைக் கடைசிப் படிவரை எழுதி, விடையைச் சரிபார்த்து வைத்தவர்களில் பெண்பிள்ளைகள் குறைவில்லை. மகன், மகள் யாராக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்.

காலமறிதல்: எப்போது எந்தக் கதவு மூடும்?

முதல் கதவு பத்தாம் வகுப்பிலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2020 பொதுத்தேர்விலிருந்து சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள்களைக் கொண்டுவந்தது. பாடம் ஒன்றே, கேள்வித்தாளின் கடினம்தான் வேறு. பேசிக் எழுதியவர்களுக்குப் பதினொன்றில் வழக்கமான கணிதம் கிடையாது என்பது அடிப்படை விதி. பின்னர் சில ஆண்டுகளில், பள்ளி முதல்வர் திருப்தியடைந்தால் எடுக்கலாம் என்று தளர்வு கொடுத்தார்கள். தளர்வை நம்பி முடிவெடுக்காதீர்கள். தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் சமயத்திலேயே, பிள்ளையின் ஆண்டில் என்ன விதி என்று பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்காக 2020–21 முதல் பயன்பாட்டுக் கணிதம் என்று தனிப்பாடம் வந்தது. நல்ல பாடம்தான். ஆனால் பொறியியல் நினைப்பு இருந்தால் அதை எடுக்கக்கூடாது.

அடுத்தது பதினொன்றாம் வகுப்பு. பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு. பதினொன்றில் படித்த பாடத்தைத்தான் பன்னிரண்டில் எழுத முடியும். மாற்றவேண்டுமானால் பதினொன்றின் தொடக்க வாரங்களிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். "பார்த்துக்கலாம், அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்பது இங்கே செல்லாது.

இனி, எந்தப் பாடத்தை விட்டால் எது மூடும் என்று பார்ப்போம்.

கணிதத்தை விட்டால் பொறியியல் பெரும்பாலும் போய்விடும், கட்டடக்கலை போய்விடும், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். போய்விடும், என்.டி.ஏ. வழியாக விமானப்படையிலோ கடற்படையிலோ சேர முடியாது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸுக்கும் கணிதம் வேண்டும். காமர்ஸ் எடுக்கும் பிள்ளைகள் கவனிக்கவேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான்.

உயிரியலை விட்டால் மருத்துவம் மூடும். முன்பு இது இரும்புக் கதவாக இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பன்னிரண்டு முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தனிப்பாடமாக எழுதும் வழி உண்டு. ஆனால் அதற்கு ஒரு வருஷம் கூடுதலாகச் செலவாகும் என்பதை மறக்கவேண்டாம்.

இயற்பியல், வேதியியலை விட்டால் பொறியியல், மருத்துவம் இரண்டும் மூடும், பி.எஸ்ஸி. நர்சிங்கும் மூடும். காமர்ஸை எடுக்காமல் விட்டால் மூடுவது மிகக் குறைவு. சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்தப் பாடம் படித்திருந்தாலும் சரி. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வும், ஹோட்டல் நிர்வாக நுழைவுத் தேர்வும் அப்படியே. சென்னை ஐ.ஐ.டி. 2021இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பி.எஸ். படிப்பில், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டு முடித்த யாரும் தகுதித் தேர்வு வழியாகச் சேரலாம்.

இதைப் படித்துவிட்டு, "அப்ப சயன்ஸ் எடுத்துட்டா எல்லாக் கதவும் திறந்தே இருக்குமே, அதையே போட்டுடலாமே" என்று தோன்றும். பல வீடுகளில் தப்பு நடப்பது இந்த இடத்தில்தான். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, நடந்து போகக் கால் வேண்டும். என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. தரவரிசையோடு, பொதுப்பிரிவினர் பன்னிரண்டில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், அல்லது தங்கள் வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலில் இருக்கவேண்டும். விருப்பமில்லாமல் சயன்ஸ் எடுத்து 55 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு அந்தக் கதவும் திறக்காது. காமர்ஸில் 90 எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நல்ல கல்லூரியும் கிடைக்காது. கணிதம், உயிரியல் இரண்டையும் சேர்த்து எடுப்பதும் இதே மாதிரிதான். தாங்கும் பிள்ளைக்கு நல்லது. தாங்காத பிள்ளைக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

இடனறிதல்: எந்த ஊரில் எழுதுகிறோம்?

வெளிமாநிலத் தமிழர்கள் தனியாகக் கவனிக்கவேண்டிய பகுதி இது. ஊரில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே பொருந்தாது. என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. சொந்த மாநிலம் எது என்பதைப் பிறந்த ஊரை வைத்தோ தாய்மொழியை வைத்தோ முடிவு செய்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் எழுதுகிறோம் என்பதை வைத்துத்தான். தஞ்சாவூர்க் குடும்பத்துப் பிள்ளை தில்லியில் பன்னிரண்டு எழுதினால், திருச்சி என்.ஐ.டி.யில் அவன் வெளிமாநிலத்தவன்.

மாநில ஒதுக்கீடுகளும் இடத்துக்கு இடம் மாறும். தில்லியின் குரு கோவிந்த் சிங் இந்திரப்பிரஸ்தா பல்கலைக்கழகத்தில் 85 சதவீத இடங்களுக்குத் தில்லிப் பள்ளியில் பன்னிரண்டு முடித்திருந்தால் போதும். மகாராஷ்டிர மருத்துவ இடங்களுக்குப் பொதுவாகப் பத்தும் பன்னிரண்டும் அந்த மாநிலத்திலேயே முடித்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் ஏழு ஆண்டுகள் படித்த கணக்கு கேட்கிறார்கள். மத்திய அரசிலோ வங்கியிலோ வேலை பார்த்து, பிள்ளை பத்தாவது முடித்த வருஷம் மாற்றலாகும் பெற்றோருக்கு இது சாதாரண விஷயமில்லை. மும்பையில் பத்தும் தில்லியில் பன்னிரண்டும் எழுதினால் அங்கே ஒரு உரிமை போகும், இங்கே ஒன்று வரும். மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும், வீடு பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படிக்காத பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழ் காட்டவேண்டும். மருத்துவத்துக்கு இந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. "கடைசி ரெண்டு வருஷம் பாட்டி வீட்டுல விட்டுப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அப்படி விடுவதால் என்.ஐ.டி. கணக்கு மாறும், சான்றிதழ் வேலை குறையாது. பதினாறு வயதுப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்கு அது போதுமான காரணமா என்பதை அந்தந்தக் குடும்பம்தான் சொல்லவேண்டும்.

தமிழை என்ன செய்வது?

தமிழ் கற்பிக்கும் பள்ளி நம்மில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் போன்ற வசதி எல்லா நகரத்திலும் கிடையாது. வாய்த்தவர்கள், "மார்க் வராது" என்று சொல்லித் தமிழை விட்டுவிடுகிறார்கள். சி.பி.எஸ்.இ.யில் பத்திலும் பன்னிரண்டிலும் தமிழ் எழுதலாம், கர்நாடக பி.யூ.சி.யிலும் மொழிப்பாடமாக எடுக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வில் உள்ள 13 மொழிகளில் தமிழும் ஒன்று.

நாளைக்கு ஐ.ஏ.எஸ். எழுத நினைத்தால் முதன்மைத் தேர்வில் ஓர் இந்திய மொழித்தாளில் தகுதி பெறவேண்டும், தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் 2021ஆம் ஆண்டு அரசாணைப்படி தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைத்தாளே திருத்தப்படும். ஊருக்குத் திரும்பி வேலை பார்க்கும் எண்ணம் பிள்ளைக்குப் பின்னால் வருமா என்று இப்போது சொல்ல முடியாது. வந்தால், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக, எழுத்தே தெரியாத பிள்ளையைப் பதினொன்றில் திடீரென்று தமிழ் எடுக்கச் சொல்வதும் சரியல்ல. அவர்களுக்குச் சங்கத்தின் வார வகுப்பு போதும்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

சாப்பாட்டு வேளையில் பேசாதீர்கள். உறவினர் வந்திருக்கும்போது பேசவே பேசாதீர்கள். ஒரு தாளை எடுத்துப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்: எடுக்க நினைக்கும் பாடங்கள், அவற்றால் திறப்பவை, மூடுபவை. விசாரிக்கவேண்டியவற்றை அவனோ அவளோ விசாரிக்கட்டும். நாம் சரிபார்த்தால் போதும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படிக்காமல், என்னைப் போன்றவர்கள் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்கவேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் அப்பாவோடு என்னிடம் வந்தாள். அப்பா டாக்டர் கனவில் இருந்தார். அவள் மெதுவாக, "அப்பா, தவளைப் படத்தைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்குப்பா. எகனாமிக்ஸும் மேத்ஸும் எடுத்துக்கறேனே" என்றாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இதை வீட்ல ஒரு நாளும் சொன்னதில்லை சார்" என்றார். "கேட்டீங்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அவள் பொருளியலும் கணிதமும்தான் எடுத்தாள்.

இந்த வருஷம் உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். பல பள்ளிகள் ஏப்ரலிலேயே பதினொன்றாம் வகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. அதற்குள் அந்த இரண்டு வாரச் சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள். பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, பிறகு எனக்கு ஃபோன் செய்யுங்கள். அப்போது நாம் மூவரும் பேசலாம்.